கிச்சடி எந்தக் கட்சி?

டெல்லி கரோல்பாக்கில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சஞ்சீவ் கபூர் என்றால் வீட்டுப் பிள்ளை மாதிரி. 1993இல் ஜீ டிவியில் அவர் சமைக்க வந்த காலத்திலிருந்து கோடு போட்ட நோட்டில் குறிப்பு எடுக்கிறார். மொழி இந்தி, எழுத்து தமிழ். மஞ்சள்தூள் ஹல்தி, கோதுமை மாவு ஆட்டா. 'ஹல்தி கால் ஸ்பூன், ஆட்டா ரெண்டு கப்.' லீவுக்குக் கும்பகோணத்திலிருந்து வந்த பேத்தி அதைப் படித்துவிட்டு, "பாட்டி, நாம சைவம்தானே, ஆட்டை எதுக்குக் கப்பில அளக்கறே?" என்று கேட்டாள்.

இப்படிப்பட்ட வீட்டில் சண்டை வந்தது 2017 நவம்பரில். இந்தியா கேட் பக்கம் மத்திய அரசு நடத்திய உணவுக் கண்காட்சியில், கபூர் தலைமையில் அரிசியும் பருப்பும் போட்ட வடக்கத்திக் கிச்சடியை 918 கிலோ கிண்டிக் கின்னஸில் ஏறினார்கள். தாளித்துக் கொட்டியது யோகா குரு பாபா ராம்தேவ். அதற்குச் சில நாள் முன்பே கிச்சடிதான் இனி தேசிய உணவாம் என்று புரளி கிளம்பி, அமைச்சர் ஹர்சிம்ரத் கௌர் பாதல் அதெல்லாம் இல்லை, சாதனைக்காக மட்டும்தான் என்று மறுக்க வேண்டியதாயிற்று. காஷ்மீர் அரசியல்வாதி ஒமர் அப்துல்லா வரைக்கும் கேலி செய்தார்கள். இந்தியில் கிச்சடி வேகிறது என்றாலே ரகசியமாக ஏதோ சதி நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம் கேட்கவா வேண்டும்!

நானும் அன்று போயிருந்தேன். ஏழடி அகலக் கடாய் என்றார்கள். எனக்குத் தெரிந்தது முன்னால் நின்றவரின் முதுகுதான்.

வீட்டுக்கு வந்தால் குடும்ப வாட்ஸ்அப்பில் அனல் பறக்கிறது. கபூருக்கு இந்த வருஷம்தான் பத்மஸ்ரீ, இப்போது கிச்சடி, அவர் ஆளுங்கட்சி ஆள் என்பதற்கு இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்றார் ஆர்.கே.புரம் அத்திம்பேர். அவருக்கு அதில் பெருமை வேறு. ரோகன் ஜோஷ் சொல்லித் தந்த மனுஷனைப் போய் அந்தப் பக்கம் சேர்க்கிறீர்களே என்று சித்தப்பா பையன் எகிறினான். ஆட்டுக்கறி சமைக்கிறவருக்கு ஒரு கட்சி, பருப்பு வேகவைக்கிறவருக்கு ஒரு கட்சி என்று எப்போது பிரித்தார்களோ, தெரியவில்லை.

என்னைக் கேட்டால், எந்த அரசாங்கம் கூப்பிட்டாலும் பெரிய சமையல்காரர் போகத்தான் செய்வார். அதை வைத்து அவர் யாருக்கு ஓட்டுப் போடுகிறார் என்று சொல்ல முடியாது. அதற்காக, ராம்தேவ் தாளித்த மேடை வெறும் சமையல் மேடை என்றும் நான் சொல்லமாட்டேன். மேடை போட்டவர்களுக்குக் கணக்கு இருந்திருக்கும்.

பெரியம்மாவிடம் கேட்டேன். "அது கிடக்கட்டும்டா. பயத்தம்பருப்பை வறுத்தாரா, அப்படியே போட்டுட்டாரா?" என்றார்.

*

மேலே உள்ள கிச்சடிக் கதையைப் படித்துவிட்டு டெல்லி முனிர்க்காவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஆபீஸ் கேன்டீனில் இதே கூத்து சமையல்காரர் விகாஸ் கன்னாவை வைத்து நடந்தது. 2020 பொதுமுடக்கத்தில் நியூயார்க்கில் இருந்துகொண்டே இங்கே சாப்பாடு அனுப்ப ஏற்பாடு செய்தாரே, அப்போது ஒரு பிபிசி பேட்டி. இந்தியாவில் வளர்ந்தவருக்குப் பசி தெரிந்திருக்குமே என்கிற மாதிரி கேட்டதற்கு, பசி என்றால் என்னவென்று தனக்கு நியூயார்க்கில்தான் தெரிந்தது, தன் ஊர் அமிர்தசரஸில் லங்கர் (குருத்வாராவில் எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாடு) இருப்பதால் யாரும் சாப்பிடாமல் இருக்க வேண்டியதில்லை என்கிற மாதிரி சொன்னார். அவ்வளவுதான். அரசாங்கத்தை ஆதரிக்கும் எதிர் டேபிள்காரர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று தூக்கிவைத்துக்கொண்டார்கள். எங்கள் டேபிளில் ஒருவர் அவர் வீடியோ பார்ப்பதையே விட்டுவிட்டார். லங்கரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

நானும் டெல்லிதான், மயூர் விஹார். அப்பா இங்கே முப்பது வருஷம் கேட்டரிங் செய்தவர். ஒரு எம்.பி. வீட்டு விசேஷத்துக்கு வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்துக் கொடுத்தார். பந்தியில் சாப்பிட்ட நம்ம ஊர்க்காரர் ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, நீங்களும் அந்தக் கட்சிதானா?" என்றார். அப்பா, "அட்வான்ஸ் குடுத்தவர் கட்சி" என்று சொல்லிவிட்டு ரசவாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த வாரமே எதிர்க்கட்சிக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். அதே அண்டா, அதே கரண்டி. அவர்கள் கேட்டது சின்ன வெங்காய சாம்பார், முந்நூறு பேருக்கு. உரித்தது நான். மூன்று நாள் கையை எத்தனை தடவை கழுவினாலும் வாடை போகவில்லை.