ராஸ் பெரோவுக்கு வாய்த்த துணை

செந்தில்: பெரியப்பா, ஒரு சந்தேகம். அமெரிக்காவில் மூன்றாவது அணியில் நிற்பவர் ஒரு பிரபலத்தைத் துணை அதிபர் வேட்பாளராகப் போட்டால் ஓட்டு கூடாதா? 2024-இல் சுயேச்சையாக அதிபர் தேர்தலில் நின்ற ராபர்ட் கென்னடி ஜூனியர், ஃபுட்பால் வீரர் ஆரன் ராட்ஜர்ஸைப் போட நினைத்தாராமே?

பெரியப்பா: நினைத்தார். மல்யுத்தம் ஆடி மினசோட்டா கவர்னரான ஜெஸ்ஸி வெஞ்சுரா பெயரும் அடிபட்டது. கடைசியில் வந்தது நிக்கோல் ஷானஹான்.

செந்தில்: யார் அது?

கவிதா அக்கா: டாலஸில் இருக்கும் எங்களுக்கே அன்றுதான் தெரியும்டா. வக்கீல். கூகுளைத் தொடங்கியவர்களில் ஒருவரான செர்கே பிரின்னின் முன்னாள் மனைவி.

சரோஜா அத்தை: ஓ, பணம்!

பெரியப்பா: அதேதான் சரோஜா. 2024-இல் வெளியார் ஒருவர் ஒரு தேர்தலுக்கு 3,300 டாலர்தான் தரலாம் என்று இருந்தது. வேட்பாளர் சொந்தப் பணத்தைப் போட வரம்பே கிடையாது, துணை வேட்பாளருக்கும் அப்படித்தான். பெரிய கட்சிக்காரன் பெயர் தானாக வாக்குச்சீட்டில் ஏறிவிடும். இவர்கள் மாநிலம் மாநிலமாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குத்தான் காசு.

கவிதா அக்கா: துணை வேட்பாளர் பெயர் இல்லாமல் பல மாநிலங்களில் அந்தப் படிவமே செல்லாது. நெவாடாவில் கென்னடிக்கு அதில்தான் சிக்கல் வந்தது.

பெரியப்பா: 1992-இல் சுயேச்சையாக நின்ற கோடீஸ்வரர் ராஸ் பெரோவும் இதற்காகத்தான் துணை வேட்பாளராக அட்மிரல் ஸ்டாக்டேல் பெயரைத் தற்காலிகமாக எழுதினார். அப்புறம் ஜூலையில் பெரோ விலகி, அக்டோபர் 1 அன்று திரும்பி வந்தார். ஆளை மாற்ற நேரம் ஏது? பாவம், 13-ஆம் தேதி அட்லாண்டா விவாதத்தில் பெரிய கட்சிகளின் துணை வேட்பாளர்களான அல் கோர், டான் குவேலுக்கு நடுவே அந்த மனிதர் நின்றார். "நான் யார்? எதற்கு இங்கே இருக்கிறேன்?" என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது.

செந்தில்: அப்படிக் கேட்டால் சிரிக்கத்தானே செய்வார்கள்!

பெரியப்பா: வியட்நாம் போரில் பிடிபட்டு ஹனோய் சிறையில் ஏழு வருஷத்துக்கு மேல் அடிபட்டவர்டா அவர். தத்துவம் படித்தவர், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத்தான் அப்படிக் கேட்டார். டிவிக்கு அதெல்லாம் தெரியுமா? எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

கவிதா அக்கா: ஆனாலும் பெரோவுக்கு 19 சதவீதம் விழுந்தது அப்பா.

பெரியப்பா: விழுந்தது, மாநிலவாரியாக அதிபரைத் தீர்மானிக்கும் எலக்டோரல் ஓட்டு ஒன்றுகூட இல்லாமல். அதனால்தான் சொல்கிறேன், துணை வேட்பாளரால் ஓட்டு பெரிதாகக் கூடாது. கதவைத் திறந்துவிடலாம், இல்லை காரியத்தைக் கெடுக்கலாம். 1968-இல் மூன்றாவது அணியில் நின்ற ஜார்ஜ் வாலஸ், ஜெனரல் கர்ட்டிஸ் லெமேயைத் துணை வேட்பாளராக அறிவித்த மேடையிலேயே அந்த ஜெனரல் அணுகுண்டுக்குப் பரிந்து பேச ஆரம்பித்துவிட்டார். கருத்துக்கணிப்பில் 20 சதவீதம் வரை இருந்த வாலஸ் 13.5-இல் முடித்தார். வேறு காரணங்களும் உண்டு, தொழிற்சங்கக்காரர்கள் தங்கள் பழைய ஜனநாயகக் கட்சிக்கே திரும்பினார்கள். ஆனாலும் அந்த வாய்!

சரோஜா அத்தை: சரி அண்ணா, அந்த ஷானஹான் என்ன ஆனாள்?

கவிதா அக்கா: விலகி ட்ரம்ப்புடன் சேரலாமா என்று யோசிப்பதை ஒரு பாட்காஸ்ட்டில் அவரே போட்டு உடைத்தார். மூன்றே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, கென்னடி பிரசாரத்தை நிறுத்திவிட்டு ட்ரம்ப்பை ஆதரித்தார். இப்போது சுகாதாரத் துறை அவர் கையில்.

சரோஜா அத்தை: அவருக்குப் பதவி. பணம் போட்டவளுக்கு?

செந்தில்: பெரியப்பா டைப் செய்துகொண்டே இருக்கிறார், பதிலைக் காணோம்.