சத்துப்பசை வீட்டில் பங்கு போடப்படுகிறது: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். வங்கதேசத்தில், காக்ஸ் பஜார் ரோஹிங்கியா முகாமில் குழந்தைகளுக்கான அவசரகாலச் சுகாதாரப் பணியில் இருக்கிறேன். 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேல்கைச் சுற்றளவை வண்ணப் பகுதிகள் உள்ள நாடாவால் அளக்கிறோம். நாடா 115 மில்லிமீட்டருக்குக் கீழே, சிவப்பில் நின்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. வேறு சிக்கல் இல்லையென்றால் நிலக்கடலைச் சத்துப்பசையை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறோம். ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கிலோ கலோரி. தண்ணீர் கலக்க வேண்டாம், அப்படியே ஊட்டலாம்.

சிக்கல் அதற்கப்புறம்தான். அண்ணனும் அக்காவும் கையேந்தி நிற்கும்போது எந்தத் தாய்தான் சின்னதுக்கு மட்டும் கொடுப்பாள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் எடை ஏறாமல் அதே பிள்ளை மறுவாரமும் சிவப்பிலேயே நிற்கிறது. "இது மருந்து, பங்கு போடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதவில்லை.

தெற்கு சூடான், ஏமன் பக்கம் வேலை பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்து உணவு கொடுத்தீர்களா? மையத்திலேயே ஒரு வேளை ஊட்ட வைத்தீர்களா? தாய்மார் கையிலேயே நாடாவைக் கொடுத்து அளக்க வைத்தது பலன் தந்ததா? மழை வலுத்தால் மேட்டுப் பாதைகள் சரிந்து, வீடு வீடாகப் போவதே நின்றுவிடும். அதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.