ஸ்கேன் மையம் குறுந்தகடு தருகிறது, மடிக்கணினியில் அதைப் போட இடமில்லை

கேள்வி: கொளத்தூரான்

வணக்கம். சென்ற மாதம் என் தாயாருக்கு இடுப்பு வலி அதிகமானதால் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுத்தோம். ஸ்கேன் மையத்தில் ஒரு பெரிய உறைக்குள் ஃபிலிம்களையும் அறிக்கையையும் வைத்து, கூடவே ஒரு குறுந்தகட்டையும் கொடுத்தார்கள். ஃபிலிமில் இருப்பவை தேர்ந்தெடுத்த சில படங்களே என்றும், முழுத் தொகுப்பும் தகட்டில்தான் இருக்கிறது என்றும் சொன்னார்கள். வேறொரு மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று அண்ணா நகருக்குச் சென்றோம். அவர் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம் மேசையிலிருந்த மடிக்கணினியைச் சுட்டிக் காட்டிச் சிரித்தார். அதில் டிரைவ் இல்லை.

ஆறு மாதங்களுக்கு முன்பு நான் வாங்கிய மடிக்கணினியிலும் இல்லை. வாங்கும்போதே கடைப் பையனிடம் கேட்டேன். "இப்பல்லாம் யார் சார் சிடி போடுறாங்க?" என்றான். ஸ்கேன் மையம் போட்டுத் தருகிறது. தங்கையின் 2009ஆம் ஆண்டுத் திருமண வீடியோ டிவிடியில்தான் இருக்கிறது. காலமான என் தந்தை சேர்த்துவைத்த கர்நாடக இசைத் தகடுகள் நூற்றுக்கு மேல் பீரோவில் அடுக்கியிருக்கின்றன. பயன்படுத்துவோர் இவ்வளவு பேர் இருக்கும்போது படிக்கும் கருவியை மட்டும் எடுத்துவிட்டால், அதற்கான செலவும் அலைச்சலும் யார் தலையில் விழும் என்று இந்த நிறுவனங்கள் ஒருநாளாவது யோசித்திருக்குமா?

சரி, ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு வெளி டிரைவ் வாங்கினேன். என் கணினியில் டைப்-சி துளைகள் மட்டுமே இருப்பதால், நான்கு துளைகள் உள்ள ஒரு சிறிய ஹப் வழியாக இணைத்தேன். விளக்கு மினுக்குகிறது, தகடு சுழலத் தொடங்குகிறது, 'டக், டக்' என்று ஓசை வருகிறது, பிறகு டிரைவே கணினியிலிருந்து மறைந்துவிடுகிறது. டிரைவ் பழுதானதா?

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். அலுவலகத்தின் பழைய கணினியில் தந்தையின் தகடுகளில் பத்தைப் பென்டிரைவுக்கு நகலெடுத்தேன். ஒரு தகடு ஒரே நொடியில் முடிந்தது, எனக்குப் பரம மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்து திறந்தால் ஒரு பாட்டுகூட ஒலிக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

பதில்: சிந்தாதிரிப்பேட்டை பணிமனை

நண்பரே, கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என்னிடம் வருவோரில் பலர் இந்தக் குழியில் விழுந்தவர்கள். இசைத் தகட்டைக் கணினியில் திறந்தால் சிடிஏ என்று முடியும் கோப்புகள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றின் அளவையும் பாருங்கள், 44 பைட் மட்டுமே இருக்கும். பாட்டு தகட்டின் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விண்டோஸ் காட்டும் அடையாளச் சீட்டுதான் அது, அதற்குள் பாட்டு இல்லை. நீங்கள் பத்து வீடுகளின் முகவரிகளைப் பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறீர்கள், வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இசைத் தகட்டை 'ரிப்' செய்ய வேண்டும், அதாவது தகட்டிலுள்ள ஒலியைப் படித்துக் கணினிக் கோப்பாக மாற்ற வேண்டும். விண்டோஸ் 11இல் உள்ள மீடியா பிளேயரிலேயே அந்த வசதி உண்டு. எம்பி3 வேண்டாம், ஃபிளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அது கோப்பைச் சுருக்கினாலும் ஒலியில் எதையும் இழப்பதில்லை.

அடுத்தது டிரைவ். அது பழுதாகியிருக்காது, பசியில் இருக்கிறது. பழைய யூஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது 500 மில்லி ஆம்பியர், 3.0 துளை தருவது 900. நின்றிருக்கும் தகட்டைச் சுழற்றி வேகமெடுக்கவைக்கும் அந்தச் சில நொடிகளில் டிரைவ் அதிக மின்சாரம் இழுக்கும். தனி மின்னிணைப்பு இல்லாத ஹப்பில் மவுஸும் பென்டிரைவும் பங்கு கேட்டால் டிரைவுக்குப் போதாமல் போய்விடும், உடனே அது மயங்கி விழும். ஹப்பை நீக்கிவிட்டு, டைப்-சியிலிருந்து சாதாரண யூஎஸ்பிக்கு மாற்றும் சிறு இணைப்பியைக் கொண்டு நேரடியாகக் கணினியில் செருகிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால், ஒரு முனை டிரைவிலும் இரண்டு முனைகள் இரு துளைகளிலும் செருகும் ஒய் வடிவக் கேபிள் கிடைக்கும், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கலாம்.

வீட்டில் பழைய மடிக்கணினி கிடந்தால் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள டிரைவைக் கழற்றி யூஎஸ்பி உறைக்குள் பொருத்திவிடலாம், உறை சில நூறு ரூபாய்தான். வாங்குமுன் டிரைவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12.7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரண்டு வகைகள் பரவலாக உண்டு, ஒன்றுக்கான உறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எம்ஆர்ஐ தகட்டைப் பொறுத்தவரை, படங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் தகட்டிலுள்ள அனைத்தையும் அதே கோப்புறை அமைப்போடு பென்டிரைவின் முதல் நிலையில் நகலெடுங்கள். அதில் டைகாம்டிர் என்ற ஒரு கோப்பு இருக்கும். எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அதுதான். படக் கோப்புகளின் பெயர்கள் வெறும் எண்களும் எழுத்துகளுமாக, பார்ப்பதற்குக் குப்பை போலவே இருக்கும். அவற்றை அழகுபடுத்துகிறேன் என்று பெயர் மாற்றினால் பட்டியலும் படமும் பிரிந்துவிடும். தகட்டோடு வரும் பார்வை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டுமே ஓடும், ஆனாலும் டைகாம் என்பது மருத்துவப் படங்களுக்கான பொதுவான கோப்பு வடிவம் என்பதால் மருத்துவரிடம் எந்த டைகாம் மென்பொருள் இருந்தாலும் திறக்கும்.

பதில்: நங்கநல்லூர் நடைமுறைவாதி

கேள்வியாளரின் சிரமம் புரிகிறது, ஆனால் நிறுவனங்கள் மீதான கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. 12 சென்டிமீட்டர் தகட்டைச் சுழற்றும் கருவிக்கு மடிக்கணினிக்குள் எவ்வளவு இடம் தேவை என்று பாருங்கள், அதே இடத்தில் பெரிய பேட்டரி வைக்கலாம். 1998இல் ஆப்பிள் ஃபிளாப்பி டிரைவ் இல்லாமல் ஐமாக்கை வெளியிட்டபோதும் இதே புலம்பல்தான் எழுந்தது. 2008இல் மாக்புக் ஏர் வட்டு டிரைவைக் கைவிட்டது, மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். இன்று ஃபிளாப்பிக்காக யார் அழுகிறார்கள்? அதோடு, வீட்டில் எழுதிய தகடு நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் எத்தனை ஆண்டுகள் தாங்கும்? எழுதும் தகட்டில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப் படலம், வெளிச்சமும் வெப்பமும் அதற்கு எமன். டிரைவைத் தேடி அலைவதைவிடத் தகட்டை விட்டு வெளியேறுவதே நல்லது.

பதில்: பாரிமுனை வழக்கறிஞர்

நங்கநல்லூர் நண்பர் ஃபிளாப்பியை உவமை காட்டியது பொருத்தமாகப் படவில்லை. சோனி நிறுவனமே ஃபிளாப்பி வட்டுகளை 2011 வரை விற்றுக்கொண்டிருந்தது. அதாவது டிரைவை எடுத்தவர்களுக்கும் வட்டைப் பயன்படுத்தியவர்களுக்கும் இடையே பதின்மூன்று ஆண்டு இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் சிக்கியவர்கள்தாம் இப்போது கேள்வி கேட்கிறார்கள்.

என் தொழிலில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. கண்காணிப்புக் கேமராப் பதிவு, தொலைபேசி உரையாடல் போன்றவை சான்றாக வழக்குக் கட்டோடு குறுந்தகட்டில் வருகின்றன. ஒருமுறை எழுதிய தகட்டில் பிறகு எதையும் அழித்து எழுத முடியாது என்பதுதான் அதன் குணம், பென்டிரைவுக்கு அந்தக் குணம் கிடையாது. முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவின்கீழ் சான்றிதழ் இணைத்தோம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு அந்தச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு அது, கோப்பில் சிறிது மாறினாலும் அதுவும் மாறிவிடும். ஹாஷ் இருப்பதால் இனி எந்த ஊடகமானாலும் மாற்றத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது உண்மையே. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் தாக்கலான தகடுகளுக்கு அந்த வசதி ஏது? அவற்றைத் 'விட்டு வெளியேற' எனக்கு அதிகாரமில்லை. ஆகவே என் இளையவர்கள் நால்வருக்கும் சேர்த்து ஒரு வெளி டிரைவ் வைத்திருக்கிறோம். விசாரணை நாள்களில் அதற்கு நடக்கும் இழுபறியைப் பார்க்க வேண்டும்.

பதில்: சிந்தாதிரிப்பேட்டை பணிமனை

சாயப் படலத்தைப் பற்றி நங்கநல்லூரார் சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். சிடியில் தகவல் இருப்பது பளபளக்கும் அடிப்பக்கத்தில் என்று எல்லோரும் அந்தப் பக்கத்தைப் பொத்திப் பாதுகாக்கிறார்கள். உண்மையில் அது பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சின் கீழ் இருக்கிறது. அடியில் விழும் கீறலைச் சில சமயம் தேய்த்துச் சரிசெய்யலாம், மேலே விழுந்தால் போனது போனதுதான். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அந்த ஆபத்து குறைவு. துடைக்கும்போது வட்டமாகத் துடைக்காமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள்.

கொளத்தூரான்

அனைவருக்கும் நன்றி. ஹப்பை நீக்கியதும் டிரைவ் ஒழுங்காக ஓடுகிறது. தாயாரின் படங்களை முழுக் கோப்புறையாகப் பென்டிரைவில் கொண்டுபோனேன், மருத்துவர் திறந்து பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சை தேவையில்லை, உடற்பயிற்சி போதும் என்றார். அடுத்த முறை ஸ்கேன் மையத்தில் பென்டிரைவை நீட்டிக் கேட்டுப் பார்க்கப் போகிறேன்.

தந்தையின் தகடுகளில் இதுவரை நாற்பத்து மூன்றை ஃபிளாக்காக மாற்றிவிட்டேன். கடையில் வாங்கியவை எல்லாம் சுத்தமாக வந்தன. அவர் தாமே பாடிப் பதிவுசெய்த மூன்று தகடுகள் மட்டும் பாதியில் திக்குகின்றன. மூன்றின் மேலும் ராகத்தின் பெயரையும் தேதியையும் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருக்கிறார். அவற்றை மீட்க வழி உண்டா?

சிந்தாதிரிப்பேட்டை பணிமனை

ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை இன்னொரு டிரைவ் படித்துவிடுவது உண்டு, வேகத்தைக் குறைத்தால் இன்னும் வாய்ப்பு அதிகம். என்னிடம் பழைய மேசைக்கணினி டிரைவுகள் ஐந்து வகை இருக்கின்றன. அதுவரை அந்த மூன்றையும் மறுபடி சுழற்றிப் பார்க்காமல், தனித்தனி உறையில் நிறுத்தி வைத்து ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வாருங்கள்.