கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளைகள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

பிறை, இரவு ஷிப்டுத் தாய்:

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வீடு அக்கரையில், பிறையில். மாலை ஏழு முதல் காலை ஏழு வரை. தொழிற்சாலை பஸ் பாலத்தைக் கடந்து என்னை இறக்கிவிடும்போது எட்டரை ஆகிவிடும். மகள் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2. அவளுக்குப் பிற்பகல் பள்ளி. அவள் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அவளுடைய தோழிகள் அவளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். மூன்று வாரம் எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு அக்காதான், "பிள்ளை பள்ளியில் தனியாகச் சாப்பிடுகிறாளாமே?" என்று கேட்டார். ஓடிப்போய் மகளைக் கேட்டேன். "நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள் அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

பள்ளி ஆலோசக ஆசிரியை அவளை ஒரு கேள்வித்தாளை நிரப்பச் செய்திருந்தார். பெற்றோரிடமும் தோழர்களிடமும் பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை, எவ்வளவு பேச்சு, எவ்வளவு விலகல் என்று அளப்பது. 1987இல் ஆர்ம்ஸ்டென், கிரீன்பர்க் என்ற இருவர் உருவாக்கியது. மகள் சம்மதித்த பிறகு எனக்கும் காட்டினார். என்மீது நம்பிக்கை நிறைய இருந்தது. பேச்சுதான் தேய்ந்து கிடந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன்.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்ற ஆலோசக ஆசிரியை:

அழாதீர்கள் அம்மா. நம்பிக்கை இருக்கும் வீட்டில் பேச்சைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். எனக்கு வயிற்றைக் கலக்குவது, "என் பையனால் ஒரு தொந்தரவும் இல்லை" என்று பெற்றோர் பெருமைப்படும்போதுதான்.

உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த் ஒரு வயதுக் குழந்தைகளைக் கவனித்தபோது, தாய் அறையைவிட்டுப் போனதும் குழந்தை அழுததா என்பதைவிட, அவள் திரும்பி வந்ததும் என்ன செய்தது என்றுதான் கூர்ந்து பார்த்தார். ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, அழுகை அடங்கி, மறுபடி விளையாடப் போகும் குழந்தைக்குத் தாயோடு உள்ள பிணைப்பு உறுதியானது. சில குழந்தைகள் தாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்தார்கள். அந்தக் குழந்தைகளும் உள்ளே பதறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

பதின்ம வயதிலும் இதைக் கண்டிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்கு (படிவம் 1க்கு முன், மலாய் மொழிக்காகப் படிக்கும் ஓராண்டு) வந்த ஒரு பையன். மலாய் தடுமாறும், கேலி செய்வார்கள். என் அறை வாசலிலேயே தாயிடம் கத்தினான், அவரும் கத்தினார். பிறகு அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனான். அடுத்த ஆண்டு அவனைச் சுற்றி நாலு நண்பர்கள். அதே வகுப்பில் இன்னொருவன் இருந்தான். அமைதி, மரியாதை, நல்ல மதிப்பெண். ஒருநாள் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனை ஒருமுறைகூட நான் அழைத்துப் பேசியிருக்கவில்லை. இன்றும் உறுத்துகிறது.

ஆயர் ஈத்தாம், வயது 24:

எல்லோரும் தாயைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஏழு வயதுவரை நான் தீவுக்கு அக்கரையில், கூலிமில் பாட்டியிடம் வளர்ந்தேன். இந்தப் பிணைப்புக் கோட்பாட்டை வகுத்த ஜான் பௌல்பிக்கே நான்கு வயதாகும் சமயத்தில், அவரைப் பாசத்தோடு வளர்த்த செவிலித்தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டார். அந்த இழப்பு அவரைவிட்டு நீங்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

முதலாம் ஆண்டில் சேர்க்க என்னை இங்கே அழைத்துவந்தார்கள். காய்ச்சல் வந்தால் பாட்டியைக் கேட்பேன். அம்மாவின் முகம் வாடும். அதனால் கேட்பதையே நிறுத்திவிட்டேன். இடைநிலைப்பள்ளியில் யாரோடும் நெருங்கவில்லை. நெருங்கினால் மறுபடி எங்காவது அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பயம்.

படிவம் 4 படிக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஃபெர்ரிக்குக் கொண்டுபோனார். நடுக்கடலில்தான் வாயைத் திறந்தார்: "உனக்குப் பாட்டி வேண்டும் என்று எனக்கு எப்போதோ தெரியும்." அதன் பிறகு மாதம் இரண்டு முறை கூலிம். நான் பேசத் தொடங்கியது பாட்டி வீட்டில் இல்லை அக்கா, அந்த ஃபெர்ரியில், அப்பாவிடம்.

பிறை, இரவு ஷிப்டுத் தாய்:

தம்பி, உங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேதான் இன்று வேலையிலிருந்து வந்தேன். இப்போதெல்லாம் வந்தவுடன் படுப்பதில்லை. இருவரும் மைலோ கலக்கிக்கொண்டு உட்காருகிறோம். முதல் வாரம் கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேள்வி கேட்கவில்லை, எழுந்தும் போகவில்லை. நேற்று, நான் ஷிப்டு முடிந்து தாமதமாக வந்ததற்குச் சண்டை போட்டாள். இருபது நிமிடம்!