மாட்ரிட் எம்.டி-82: எம்.இ.எல் அனுமதித்தால் போதுமா?

ஸ்லாட்82
மாட்ரிட்டில் ஃப்ளாப் (இறக்கை மடல்) இறக்காமல் புறப்பட்டு, எச்சரிக்கையும் ஒலிக்காமல் விழுந்த எம்.டி-82 விமானம் பற்றிப் பக்கத்து இழையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "2008 ஆகஸ்ட் 20, ஸ்பானேர் 5022 புறப்பட்டது எம்.இ.எல் 30.8 படிதான், அந்த முடிவில் குறையே இல்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. எம்.இ.எல் என்பது எந்தெந்தக் கருவி பழுதாக இருந்தாலும் விமானத்தை விடலாம் என்று சொல்லும் பட்டியல். ராட் புரோப் என்ற உணரியின் ஹீட்டர் பழுதானால், உறைபனி இல்லாத வானிலையில் பறக்கலாம் என்பதுதான் 30.8. அன்று ஹீட்டர் எங்கே பழுதானது? தரையில் நிற்கும்போதே காய்ந்துகொண்டிருந்தது, காட்டி 104 டிகிரி! வேலை செய்கிற ஹீட்டருக்கு வேலை செய்யாத ஹீட்டரின் விதியா?

காவ்லிங்
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். மெக்கானிக் இசட்-29 பிரேக்கரை (மின் துண்டிப்பானை) இழுத்தாயிற்று, ஹீட்டருக்கு மின்சாரம் நின்றாயிற்று. ஆகஸ்ட் மாத மாட்ரிட்டில் உறைபனி எங்கிருந்து வரும்? விதி பொருந்துகிறது.

ஸ்லாட்82
பிரேக்கரை இழுத்ததால் நின்றது. அதற்கு முன்பு தரையில் ஏன் சூடானது? அதைச் சொல்லுங்கள்.

மின்னோட்டம்
ஒரு நிமிடம். எம்.இ.எல் முன்னுரையிலேயே விளக்கம் இருக்கிறது. தன் வேலையைச் செய்யாததும் பழுது, வரம்புக்குள் சீராக இயங்காததும் பழுது. தரையில் சூடாவது இரண்டாவது வகை.

ஸ்லாட்82
அகராதி எனக்கு வேண்டாம். அந்த ஹீட்டர் வானில் மட்டும்தான் எரிய வேண்டும். தரையில் எரிந்தால், "நாம் பறக்கிறோம்" என்று விமானம் நினைக்கிறது என்று பொருள். அப்படி நினைக்க வைப்பது ஆர்2-5 என்ற ரிலே (மின் சுவிட்ச்). புறப்பாட்டு எச்சரிக்கைக்கும் தரையா வானா என்று சொல்வது அதே ரிலேதான்! ஃப்ளாப் இறக்காமல் த்ராட்டிலைத் (இன்ஜின் விசைப்பிடியைத்) தள்ளினால் ஹாரன் அலற வேண்டும். பறப்பதாக நம்பும் கருவி எப்படி அலறும்? ஃப்ளாப் மேலே இருக்கும்போதே த்ராட்டிலை ஒருமுறை முன்னே தள்ளிப் பார்த்திருந்தால் போதும், தெரிந்திருக்கும். பிரேக்கரை இழுத்தது நோயைக் குணமாக்கவில்லை, காய்ச்சல் மானியைக் கழற்றிவிட்டது.

வால்துடுப்பு
ராட் என்றால் அவசரக் காற்றுச் சுழலி அல்லவா? அதற்கு எதற்கு ஹீட்டர்?

மின்னோட்டம்
அது வேறு ராட். இது எதிர்க்காற்றின் வெப்பம் அளக்கும் புரோப், உந்துவிசை வரம்புக் கணக்குக்குப் போவது. சுழலி எம்.டி-82-இல் கிடையாது.

வால்துடுப்பு
கேட்டது ஒரு கேள்வி, பாடம் நடத்தவேண்டாம்.

காவ்லிங்
ரிலேதான் காரணம் என்று 2011 இறுதி அறிக்கை உறுதியாகச் சொன்னதா? எச்சரிக்கை ஏன் ஒலிக்கவில்லை என்று அறுதியிட முடியவில்லை என்றார்கள். ஃப்ளாப் இறக்காதது விமானிகள். செக்லிஸ்டில் அதைப் பிடிக்காததும் விமானிகள். இரண்டையும் விட்டுவிட்டு மெக்கானிக்கைப் பிடித்துக்கொள்கிறீர்கள். போன மாதம், எரிபொருள் தீர்ந்து இறங்கிய கிம்லி விமானத்தின் இழையிலும் இதே கதைதான்.

ஸ்லாட்82
கிம்லியை இழுக்காதீர்கள். அங்கே 1983-இல் எரிபொருள் காட்டிகள் வெறுமையாக இருந்தபோதே 767-ஐ விட்டார்கள், லிட்டரைக் கிலோவாக்க 0.8-க்குப் பதில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அன்றும் "அனுமதி இருக்கிறது" என்றுதான் நம்பினார்கள்! அப்போதும் நான் சொன்னதை நீங்கள் ஏற்கவில்லை.

மின்னோட்டம்
டெட்ராய்ட் விபத்து, 1987 ஆகஸ்ட் 16. அதுவும் எம்.டி-82, அங்கும் ஃப்ளாப் இறங்கவில்லை, எச்சரிக்கை ஒலிக்கவில்லை. ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் அந்த ஒலியைச் சோதியுங்கள் என்று தயாரிப்பாளர் அப்போதே பரிந்துரைத்தார். அதைப் பேசலாமே?

காவ்லிங்
பரிந்துரை கட்டாயம் ஆகாது. 30.8 எழுத்தில் இருக்கிறது.

ஸ்லாட்82
எழுத்தில் "பழுதான ஹீட்டர்" என்று இருக்கிறது. இது எரிந்த ஹீட்டர். 172 பேரில் 154 பேர் போனார்கள். நான்காவது முறை கேட்கிறேன், தரையில் ஏன் சூடானது?

காவ்லிங்
நான்காவது இல்லை, இரண்டாவது. எண்ணிப் பாருங்கள்.