சர்க்கரை மாலிக்யூலுக்கு மேல இடம் காலின்னு யாரு சொன்னா?

பிஎஸ்சி_ரெண்டாவது:
எல்லாருக்கும் வணக்கம், பிஎஸ்சி பிசிக்ஸ் செகண்ட் இயர் படிக்கிறேன். வெப்பம் ஓடுறதுக்கு ஃபூரியர் லா, கரைஞ்சது பரவுறதுக்கு ஃபிக் லா, கரன்டுக்கு ஓம்ஸ் லா, மூணும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு, எதுல கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறுற சரிவு) இருக்கோ அதுக்கு நேர் விகிதத்துல ஓட்டம், முன்னாடி ஒரு மைனஸ். கணக்கு போட்டுடுவேன், மார்க்கும் வந்துடும். ஆனா நேத்து ஹாஸ்டல்ல டீயை கலக்காம குடிச்சேன், மேல சப்புன்னு இருந்துச்சு, அடியில பாகு. அப்பதான் மண்டைல ஏறுச்சு, அடியில இருக்கிற சர்க்கரை மாலிக்யூலுக்கு மேல ஆள் கம்மின்னு எப்படித் தெரியும்? எது அதை மேல தள்ளுது? அப்புறம் ஏன் கிரேடியன்ட் அப்படியே வருது, ஏன் அதோட ஸ்கொயர் வரல?

கடலோரம்:
எல்லாமே சமநிலையைத் தேடித்தான் போகும் தம்பி, என்ட்ரோபி, அதாவது கலைஞ்சு பரவிக் கிடக்கிற அளவு, கூடணும்ல, அதான் காரணம்.

பழைய_லேப்:
என்ட்ரோபி சரிதான், ஆனா தம்பி கேட்டது அது இல்ல. மாலிக்யூல் எதையும் தேடல, அதுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம். அடி அடுக்குல 1000 மாலிக்யூல், மேல் அடுக்குல 900ன்னு வச்சுக்க. ஒவ்வொண்ணும் காசு சுண்டி விட்ட மாதிரி பாதி மேல, பாதி கீழ போகுது. கீழேந்து மேல 500 ஏறும், மேலேந்து கீழ 450 இறங்கும், நிகரமா 50 மேல. யாரும் யாரையும் தள்ளல, அடியில ஆள் ஜாஸ்தி, அதனால அங்கேந்து கிளம்புறதும் ஜாஸ்தி, அவ்வளவுதான். வித்தியாசத்தை 200 ஆக்கினா நிகரம் 100. நேர் விகிதம் இந்த எண்ணிக்கைலயே வந்துடுச்சு பாரு.

ஸ்கொயர் ஏன் வரலன்னா, ஒண்ணு, கிரேடியன்ட் திசை மாறினா ஓட்டமும் திசை மாறணும், ஸ்கொயர் போட்டா மாறாது. சரி, க்யூப் வரலாமேன்னு கேப்ப. அங்கதான் விஷயம் இருக்கு. சாதாரண காத்துல ஒரு மாலிக்யூல் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவுல சுமார் 70 நானோமீட்டர்தான் போகுது. ஒரு சென்டிமீட்டருக்கு 1 டிகிரி வித்தியாசம் இருந்தா, அந்த 70 நானோமீட்டருக்குள்ள வித்தியாசம் ஒரு டிகிரில பத்து லட்சத்துல 7 பங்கு. நமக்கு செங்குத்தா தெரியுற சரிவு அதுக்கு சமதரை. அவ்வளவு சின்ன நம்பரோட க்யூபை யாரு பாப்பா?

உன் டீக்கு வருவோம். அறை வெப்பநிலைல தண்ணில சர்க்கரையோட டிஃப்யூஷன் எண் (எவ்வளவு வேகமா பரவுதுங்கிற அளவு) ஒரு செகண்டுக்கு ஒரு சதுர மீட்டர்ல சுமார் 200 கோடில ஒரு பங்கு. 10 மைக்ரான் செல்லைத் தாண்ட 0.1 செகண்ட் போதும், 1 சென்டிமீட்டருக்கு ஒரு நாளைத் தாண்டும், 10 சென்டிமீட்டர்னா அதுல 100 மடங்கு, கிட்டத்தட்ட 4 மாசம். தூரம் பத்து மடங்கானா நேரம் நூறு மடங்கு. ஸ்பூன் இல்லாம டீ கலங்காது.

1855ல ஃபிக் பண்ணது உன் டம்ளர் மாதிரிதான். அவர் உடலியல்காரர், 26 வயசுக்குள்ள இருந்தாரு, ஃபூரியரோட வெப்ப சமன்பாட்டை அப்படியே எடுத்து உப்புக்குப் போட்டாரு. அடியில உப்பு, மேல நல்ல தண்ணி, நேர் குழாய்ல ஒரு கண்ணாடிக் குமிழை தராசுல தொங்கவிட்டு ஒவ்வொரு ஆழத்துலயும் அடர்த்தியைப் பாத்தாரு, நேர்கோடா இறங்குச்சு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல.

பிஎஸ்சி_ரெண்டாவது:
ரொம்ப நன்றி சார், 500, 450 பாத்ததும் புரிஞ்சுடுச்சு. ஆனா ஓம்ஸ் லால மின்புலம், அதான் ஃபீல்டு, நிஜமாவே தள்ளுதே?

பழைய_லேப்:
தள்ளுது, ஆனா தள்ளினதை மோதல் அப்பப்ப அழிச்சுடுது. காப்பர்ல எலக்ட்ரான் தன்னோட வேகத்துல செகண்டுக்கு 1600 கிலோமீட்டர் ஓடுது, வீட்டு வயர்ல அது மொத்தமா நகர்றது செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. அந்த சின்ன சாய்வுதான் கரன்ட். சிலிக்கான்ல ஃபீல்டை ஏத்திக்கிட்டே போ, செகண்டுக்கு 100 கிலோமீட்டர் பக்கத்துல டிரிஃப்ட் (அந்த மொத்த நகர்வோட வேகம்) ஏறாம நின்னுடும், அதுக்கு மேல ஓம்ஸ் லா இல்ல.

ஃபர்னஸ்காரன்:
ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்ல வேலை பாக்குறேன், நான் ஒண்ணு சேக்குறேன். வெப்பச் சரிவு வெப்பத்தை மட்டும் ஓட்டாது, கரன்டையும் ஓட்டும். கே டைப் தெர்மோகப்பிள்ல (ரெண்டு வேற வேற உலோகக் கம்பியை நுனில சேத்து வெப்பம் அளக்குற கருவி) ஒரு டிகிரிக்கு சுமார் 41 மைக்ரோவோல்ட். எல்லாரும் நுனி ஜாயின்ட்ல வோல்டேஜ் பிறக்குதுன்னு நினைப்பாங்க, இல்லீங்க, கம்பில எங்க சரிவு இருக்கோ அந்த நீளம் பூரா பிறக்குது. ஒரு தடவை புதுப் பையன் காம்பென்சேட்டிங் கேபிள் (தெர்மோகப்பிள் கம்பி மாதிரியே வோல்டேஜ் தர்ற கேபிள்) தீந்து போச்சுன்னு சாதா காப்பர் வயர் இழுத்துட்டான். ஃபர்னஸ் பக்கத்துல தெர்மோகப்பிளும் கேபிளும் சேர்ற ஜங்ஷன் ஹெட் 70 டிகிரி, கன்ட்ரோலர் இருந்த ரூம் 30, நடுவுல இருந்த 40 டிகிரி சரிவுக்கு காப்பர் ஜோடி எதையும் கொடுக்காதில்ல, ரீடிங் 40 குறைச்சலா காட்டுச்சு, கன்ட்ரோலர் அதை நம்பி 40 டிகிரி கூட ஏத்திடுச்சு. அந்த பேட்ச் முழுக்க ஸ்கிராப்புக்குப் போச்சு. கேபிளோட கலரைப் பாத்துட்டு மாட்டுங்கன்னு இப்ப ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்.