20 வருஷப் பழைய பென்ஸ்: பிரேக் கவுண்டரை அழித்தால் பிரேக் பம்ப் புதுசாகிவிடுமா?

மவுண்ட்ரோடு:
போன வாரம் கொங்கு டீசல் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். "நாலு லட்சத்துக்கு 2005 இ கிளாஸ் கிடைக்கும்போது அந்தக் காசுக்குச் சின்ன கார் வாங்குகிறவனுக்கு ரசனையே இல்லை. எஸ்.பி.சி. பிரேக்கைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் அந்த வண்டியின் கதவைக்கூடத் திறந்ததில்லை. பிரேக்கை எண்ணும் கவுண்டரை அழித்துவிட்டால் பம்ப் இன்னும் பத்து வருஷம் ஓடும்." கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எனக்குப் பொறுக்கவில்லை.

எஸ்.பி.சி. என்றால் கம்ப்யூட்டர் வழியாகப் பிடிக்கும் பிரேக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த இ கிளாஸின் டபிள்யூ211 மாடலில் 2002 முதல் 2006 முகமாற்றம் (ஃபேஸ்லிஃப்ட்) வரை வந்த வண்டிகளில் பிரேக்கை மிதித்தால் நேராகச் சக்கரத்துக்குப் போகாது. மிதி கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அழுத்தமாகத் தேக்கி வைத்திருக்கும் பிரேக் ஆயிலை ஒவ்வொரு சக்கரத்துக்கும் அளந்து அனுப்பும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவது ஒரு மோட்டார் பம்ப். எத்தனை முறை பிரேக் பிடித்தோம் என்று ஒரு கணக்கும் உள்ளே ஓடும், அதுதான் கவுண்டர். மூன்று லட்சத்தை நெருங்கினால் பம்பை மாற்று என்று எச்சரிக்கை வரும். அந்தக் கணக்கை லேப்டாப்பில் பூஜ்யமாக்குவதைத்தான் நண்பர் வைத்தியம் என்கிறார். மோட்டாருக்குள் உரசி உரசிக் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தது தேய்ந்ததுதானே? எண்ணை அழித்தால் பிரஷ் முளைக்குமா?

கொங்கு டீசல்:
வணக்கமுங்க மவுண்ட்ரோடு. முதலில் ஒன்று சொல்லுங்க, உங்க வீட்டு வாசலில் நிற்பது என்ன வண்டி? நான் ஓட்டுவதைப் பற்றி எழுதினேன். நீங்க படித்ததைப் பற்றி எழுதுறீங்க.

கவுண்டர் என்பது வெறும் எண்ணிக்கை. பிரஷ் எவ்வளவு தேய்ந்தது என்று அது அளப்பதே இல்லை. மெதுவாகத் தொட்டாலும் ஒன்று, ஓங்கி மிதித்தாலும் ஒன்று. சேலம் பைபாஸிலேயே ஓடிய வண்டிக்கும் பாரிமுனையில் ஊர்ந்த வண்டிக்கும் ஒரே மூன்று லட்சம்தானா? கம்பெனிக்காரன் பயந்துபோய் ஒரு எண்ணை வைத்தான். அதைப் பிடித்துக்கொண்டு நீங்க தொங்குறீங்க.

வேளச்சேரி புதுசு:
சார், நான்தான் அந்தப் பதிவில் கேள்வி கேட்டவன். நான் பார்த்தது 2005 இ240, பெட்ரோல், 2.6 லிட்டர் வி6. இரண்டாவது ஓனர். நாலேகால் சொல்கிறார், நாலுக்கு இறங்குவார் போலிருக்கிறது. வேளச்சேரியில் இருந்து சிறுசேரிக்குத் தினமும் ஆபீஸ் போக வேண்டும், வீட்டில் வேறு கார் இல்லை. மாதம் பன்னிரண்டாயிரம் வரை இதற்கு ஒதுக்க முடியும். வாங்கலாமா, வேண்டாமா?

மவுண்ட்ரோடு:
தம்பி கேட்டதையே எடுத்துக்கொள்வோம். ஓ.எம்.ஆரில் காலையும் மாலையும் சேர்த்து 250 முறை பிரேக் பிடிக்க மாட்டாரா? சோழிங்கநல்லூர் சிக்னல் ஒன்றிலேயே ஊர்ந்து ஊர்ந்து எத்தனை முறை? 250 என்றே வைப்போம். வருஷத்துக்கு 300 நாள் ஓட்டினால் 75,000. நாலே வருஷத்தில் மூன்று லட்சம். இது புதுப் பம்புக்கு! இந்த வண்டிக்கு 20 வயது. முன்னே ஓட்டியவர்கள் எத்தனை முறை அழித்தார்களோ யாருக்குத் தெரியும். அழித்த பிறகு காட்டும் எண்ணுக்கு என்ன அர்த்தம்?

கொங்கு டீசலுக்கு மறுபடியும் அதே கேள்வி: எண்ணை அழித்தால் பிரஷ் முளைக்குமா, முளைக்காதா?

124 பித்தன்:
இந்தப் பஞ்சாயத்தே தேவையில்லை. பென்ஸ் என்றால் பழைய டபிள்யூ124 மாடல். பூனாவில் 1995ல் முதன்முதலாகப் பாகங்களைக் கோத்துக் கட்டியது அதுதான். பிரேக்கில் கம்ப்யூட்டர் கணக்கும் இல்லை, கவுண்டரும் இல்லை. காலால் மிதித்தால் நிற்கும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கணக்குப்பிள்ளைகள் கட்டிய கார்.

கொங்கு டீசல்:
பித்தன் அண்ணே, 124ன் கடைசி வருஷங்களில் வந்த எஞ்சின் வயரிங் என்ன ஆச்சு என்பதையும் சொல்லிவிட்டுப் போங்க. மக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக்கை உறையாகப் போட்டார்கள். அது எஞ்சின் சூட்டிலேயே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைத்தான் கணக்குப்பிள்ளை இல்லாத காலம் என்கிறீர்களா?

124 பித்தன்:
வயரிங் மாற்றினால் தீர்ந்தது. ஒருமுறைச் செலவு. உங்கள் பம்ப் போல நாலு வருஷத்துக்கு ஒருமுறை வந்து கதவைத் தட்டாது.

மவுண்ட்ரோடு:
பித்தன் சொல்வதில் பாதி சரி. ஆனால் பேச்சை மாற்ற வேண்டாம். கொங்கு டீசல் பிரஷ்ஷுக்குப் பதில் சொல்லவில்லை. 124ஐப் பிடித்துத் தப்பிக்கப் பார்க்கிறார். 2004 மே மாதம் இந்த பிரேக்குக்காகவே உலகம் முழுக்க 6,80,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2005ல் இன்னொரு 13 லட்சம். 2006ல் முகமாற்றம் செய்தபோது இ கிளாஸிலிருந்து எஸ்.பி.சி.யையே தூக்கிவிட்டு, பழையபடி சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்குத் திரும்பினார்கள். நல்ல சாமானை எவனாவது தூக்குவானா?

கொங்கு டீசல்:
13 லட்சமும் பிரேக்குக்கா? முழுசாகப் படிங்க. அதில் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர், பேட்டரி கன்ட்ரோல் மென்பொருள் எல்லாம் சேர்த்தி. பிரேக்குக்காக அழைத்தது அதில் ஒரு பகுதி. வேண்டுமென்றே மொத்த எண்ணையும் போட்டு ஊரைப் பயமுறுத்துறீங்க. போன வருஷம் டி.எஸ்.ஜி. என்ற ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீங்க. நான் திருத்திச் சொன்னதும் அந்தப் பதிவையே காணோம்.

மவுண்ட்ரோடு:
அந்தப் பதிவை நீக்கியது நிர்வாகி. நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். 13 லட்சத்தை விடுங்கள். 6,80,000 முழுக்க பிரேக்குக்குத்தானே? அதற்கு என்ன பதில்?

கேரேஜ் தம்பி:
அண்ணன்களே, நான் இந்த வண்டிகளில் தினமும் கை வைக்கிறவன். இரண்டு பேர் சொல்வதிலும் விட்டுப்போனது இருக்கிறது. பென்ஸைச் சோதிக்கும் ஸ்டார் டயக்னாசிஸ் கருவியை மாட்டினால் பிரேக் எத்தனை முறை பிடித்தது என்ற எண் வரும், எல்லை தாண்டியிருந்தால் சி249எஃப் என்ற கோளாறுக் குறியீடு வரும். ஆனால் எண் குறைவாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். காலையில் ஆறின வண்டியில் கதவைத் திறக்கும்போது பம்ப் ஓடும் சத்தத்தைக் கவனியுங்கள். ஒரே சீராக உறுமி நின்றால் சரி. இழுத்து இழுத்து ஓடினாலோ, நின்ற கொஞ்ச நேரத்திலேயே மறுபடி எழுந்தாலோ யோசியுங்கள்.

பிரேக் பேடு மாற்றப் போகும்போது எஸ்.பி.சி.யை லேப்டாப்பில் முடக்காமல் உள்ளே கையை விடவே கூடாது. யாராவது கதவைத் திறந்தால் போதும், பம்ப் எழும், பிஸ்டன் வெளியே தள்ளும், விரல் மாட்டும். தெருமுனைக் கடையில் பேடு மாற்றச் சொல்கிறவர்கள் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கவுண்டரை அழிப்பதைப் பற்றி என்னிடம் கேட்டால், பம்பைப் பிரித்து மோட்டாரைச் சரி செய்துவிட்டு அழித்தால் ஒரு நியாயம் இருக்கிறது. ஒன்றும் செய்யாமல் வெறும் எண்ணை அழிப்பது எங்கள் கேரேஜில் கிடையாது.

மவுண்ட்ரோடு:
பார்த்தீர்களா! கை வைக்கிறவரே சொல்லிவிட்டார்.

கொங்கு டீசல்:
தம்பி, "அழித்தால் ஒரு நியாயம் இருக்கிறது" என்றுதானே எழுதியிருக்கீங்க? அதைத்தான் நானும் சொன்னேன். மவுண்ட்ரோடு பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்.

கேரேஜ் தம்பி:
அண்ணே, நீங்கள் மோட்டாரைச் சரி செய்வது பற்றி எங்கேயும் எழுதவில்லையே?

கொங்கு டீசல்:
அது சொல்லாமலே தெரிய வேண்டியது. நீங்களும் மெட்ராஸ் பக்கமே பேசுங்க.

வேளச்சேரி புதுசு:
சார், ஆர்.சி. பற்றியும் ஒரு சந்தேகம். 15 வருஷம் முடிந்து ஒருமுறை புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது அதுவும் முடிகிறது. முதலில் டெல்லி வண்டியாக இருந்து என்.ஓ.சி. வாங்கி இங்கே வந்தது. ஏதாவது சிக்கல் வருமா?

திருச்சி ரோடு:
டெல்லி வண்டி என்றால் நானாக இருந்தால் தொடவே மாட்டேன். 10 வருஷம் தாண்டின டீசலும் 15 வருஷம் தாண்டின பெட்ரோலும் அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் சொன்னது, 2018ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அதனால்தான் அங்கிருந்து சல்லிசாகத் தெற்கே தள்ளுகிறார்கள். இன்னொன்று, 20 வருஷம் தாண்டினால் புதுப்பிக்கும் கட்டணம் இப்போது 80,000 ரூபாய்.

மவுண்ட்ரோடு:
திருச்சி ரோடு, தவறான தகவல் வேண்டாம். 80,000 இறக்குமதி காருக்கு. இந்தியாவில் பாகங்களைக் கோத்துக் கட்டிய காருக்கு 20 வருஷம் தாண்டினால் 10,000. 2025 ஆகஸ்டில் வந்த உத்தரவு. அதற்கு முன் 2022 ஏப்ரல் முதல் 15 வருஷம் தாண்டினதற்கு 5,000 வாங்கினார்கள். ஆர்.சி.யில் எங்கே தயாரித்தது என்று தம்பி பார்க்கட்டும். அதோடு தகுதிச் சான்று, பசுமை வரி, 1,500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 7,897 ரூபாயும் வரியும். இதெல்லாம் பெரிய தொகை இல்லை. பெரிய தொகை பம்ப். புதுசு போட்டால் லட்சத்தைத் தாண்டும். நாலு லட்சத்துக்கு வாங்கும் வண்டியில் ஒரே ஒரு சாமான்!

திருச்சி ரோடு:
நான் பொதுவாகச் சொன்னேன். இறக்குமதி வண்டி வாங்குகிறவர்களும் இதைப் படிப்பார்கள் அல்லவா? எல்லாவற்றுக்கும் நீங்களே நீதிபதியா?

கொங்கு டீசல்:
அப்படிக் கேளுங்க. இந்தத் திரியில் பாதிக்கு மேல் அவர் எழுத்துதான் ஓடுது.

லட்சம் லட்சம் என்கிறாரே, அதே வண்டியில் என்ன கிடைக்கிறது என்று ஒரு வரி எழுதினாரா? அந்த வி6 ஓடுகிறதா நின்றதா என்று தெரியாமல் சிக்னலில் நிற்கும். நூற்று இருபதில் போகும்போது பின் சீட்டில் அம்மா தூங்கினார்கள் என்றால் தூங்கினபடியே கோயம்புத்தூர் வரும். கதவைச் சாத்தும்போது ஒரு சத்தம் வருமே, அது இன்றைக்கு இருபது லட்சம் கொடுத்து வாங்கும் வண்டியில் வருதா? ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதால் எப்படிங்க?

மவுண்ட்ரோடு:
அம்மாவைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு நூற்று இருபதில் போகும்போது அந்தப் பம்ப் கைவிட்டால்? முன் சக்கரம் இரண்டுக்கு மட்டும்தான் நேரடி ஹைட்ராலிக் பிரேக் மிஞ்சும். பின் சக்கரத்துக்குக் கிடையாது. மிதி உள்ளே இறங்கும், முழு பலத்தையும் போட்டு அழுத்த வேண்டும், நிற்கும் தூரமும் கூடும். தயவு செய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். நான் வண்டியின் அழகை மறுக்கவே இல்லை. எனக்கும் பிடித்த வண்டிதான். பிடித்ததால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அமெரிக்காவில் இந்தப் பம்புக்கு மட்டும் உத்தரவாதத்தை 25 வருஷத்துக்கு நீட்டினார்கள். எண்ணை அழித்தால் போதும் என்றால் அந்தச் செலவை எதற்குத் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

கொங்கு டீசல்:
அமெரிக்காக்காரனுக்கு வழக்குப் போடுவது பொழுதுபோக்கு. அதனால் நீட்டினான்.

124 பித்தன்:
124ல் பம்ப் இல்லை. உத்தரவாதமும் தேவையில்லை.

கேரேஜ் தம்பி:
வேளச்சேரி நண்பரே, பம்பை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியில் வயரிங் பிளக் வழியாக ஆயில் கசிகிறதா என்று அடியில் படுத்துப் பாருங்கள். அந்த ஆயில் வயருக்குள்ளேயே ஏறி கம்ப்யூட்டர் வரை போகும். இதை யாருமே

மவுண்ட்ரோடு:
தம்பி, கியர் பெட்டிக்குத் தனித் திரி போடலாம். இங்கே விஷயம் பம்ப்.

கேரேஜ் தம்பி:
என் பதிவு பாதியில் போய்விட்டது, அதற்குள் நீங்கள் தீர்ப்பே சொல்லிவிட்டீர்கள். கேட்டவர் வாங்கப் போவது முழு வண்டி. பம்பை மட்டும் இல்லை.

வேளச்சேரி புதுசு:
சார், ஓனர் ஞாயிற்றுக்கிழமை வரைதான் வைத்திருப்பேன் என்கிறார். இன்னொரு பார்ட்டி அட்வான்ஸோடு நிற்கிறாராம்.

திருச்சி ரோடு:
எல்லா ஓனரும் சொல்கிற வசனம் அது. அந்த இன்னொரு பார்ட்டியை இதுவரை எவனும் பார்த்ததில்லை.

கொங்கு டீசல்:
தைரியமாக வாங்குங்க தம்பி. பம்ப் தொந்தரவு கொடுத்தால் கோயம்புத்தூர் வாங்க, நான் கூடவே இருந்து செய்து தருகிறேன். ஊரில் இருந்துகொண்டு பயமுறுத்துகிறவர்கள் உங்களுக்கு ஒரு போல்ட்டுகூட முடுக்கித் தர மாட்டார்கள்.

மவுண்ட்ரோடு:
"செய்து தருகிறேன்" என்றால் என்ன, மோட்டாரைச் சரி செய்தா, வெறும் எண்ணை அழித்தா? போன வாரப் பதிவில் மோட்டார் என்ற சொல்லே இல்லை. உங்கள் சொந்த வண்டியின் எண் இப்போது என்ன காட்டுகிறது? டயக்னாசிஸ் திரையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். எத்தனை முறை அழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கொங்கு டீசல்:
போடுறேன். அதற்கு முன் உங்க வாசலில் நிற்கும் வண்டியின் படத்தைப் போடுங்க. முதல் நாளே கேட்டேன்.

மவுண்ட்ரோடு:
என் வண்டி இங்கே பிரச்சினையே இல்லை. எண்ணைப் போடுங்கள்.